விடுபட்ட ஓர் எண்: 293 318 625 600இன் இயல்பும் வகைப்பாடும்

முன்னுரை

தொடக்கப்பள்ளிக் கணிதத்தில் பெரிய முழு எண்கள் பெறும் இடம் சிறிது. மாணவர் அவற்றை வாசிப்பர், எண்மானத்தால் எழுதுவர், இட மதிப்பையும் இலக்க மதிப்பையும் கூறுவர், கிட்டிய மதிப்புக்கு மாற்றுவர். அத்துடன் அவ்வெண்ணின் பணி முடிந்துவிடும். செமினி வட்டாரத்துத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர், "பன்னிரண்டு இலக்க எண் ஒன்றைப் பலகையில் எழுதினால், அதை வாசிப்பதைத் தவிர அதனைப் பற்றிச் சொல்வதற்கு என்ன இருக்கிறது ஐயா?" என்று இக்கட்டுரையாளரிடம் வினவினார். நேர்மையான வினா அது. ரப்பர்த் தோட்டங்களால் அறியப்பட்ட செமினியில் 2005ஆம் ஆண்டு முதல் நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தின் மலேசிய வளாகம் இயங்கி வருகிறது. உயர்கல்வியை ஆங்கிலத்தில் வழங்கும் அவ்வளாகத்திற்கு அண்மையில் வாழும் தமிழ்ப்பள்ளி மாணவர், எண்ணின் இயல்பைத் தம் மொழியில் சிந்திக்க இயலுமா என்பதும் அவ்வினாவினுள் அடங்கியிருந்தது.

அவ்வாசிரியருக்கு விடையாக எண் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு அதனை ஆராய முற்படுகிறது இக்கட்டுரை. 293 318 625 600 என்னும் அவ்வெண் மனம்போனவாறு தெரிந்தெடுக்கப்பட்டதன்று. கணித மேதை சீனிவாச இராமானுஜன் 1915ஆம் ஆண்டு வெளியிட்ட புகழ்பெற்ற பட்டியல் ஒன்றில் இடம்பெற்றிருக்க வேண்டியது, ஆனால் விடுபட்டுப்போனது.

பெயரும் இயல்பும்

இவ்வெண்ணை மலேசியத் தமிழ்ப்பள்ளி மாணவர், இருநூற்றுத் தொண்ணூற்று மூன்று பில்லியன், முந்நூற்றுப் பதினெட்டு மில்லியன், அறுநூற்று இருபத்தையாயிரத்து அறுநூறு என வாசிப்பர். தமிழக மாணவர் இருபத்தொன்பதாயிரத்து முந்நூற்று முப்பத்தொரு கோடியே எண்பத்தாறு இலட்சத்து இருபத்தையாயிரத்து அறுநூறு என்பர். ஒரே எண் இரு நாட்டுத் தமிழில் இருவேறு ஒலி பெறுகிறது. பேரெண்களுக்குப் பெயரிடுவதில் தமிழ் பின்தங்கிய மொழியன்று. ஐ, அம், பல் என முடியும் எண்ணுப்பெயர்களைத் தொல்காப்பிய எழுத்ததிகாரம் சுட்டுகிறது. உரையாசிரியர்கள் தாமரை, வெள்ளம், ஆம்பல் ஆகியவற்றை அவற்றுக்கு எடுத்துக்காட்டுவர்.

ஆயின் எப்பெயரும் எண்ணின் அளவை மட்டுமே உணர்த்துகிறது. பில்லியன் என்றாலும் கோடி என்றாலும் ஆம்பல் என்றாலும் அவ்வெண் எத்தன்மையது, எவ்வெவ்வாறு பகுபடும், எவ்வினத்தைச் சேர்ந்தது என்பவை தெரியவாரா. ஒருவர் பெயரையும் உயரத்தையும் அறிந்த அளவில் அவரை அறிந்துவிட்டதாகக் கொள்வதில்லை.

பகாக் காரணிகளாகப் பிரித்தல்

ஓர் எண்ணின் இயல்பை அறிய முதற்படி, அதனைப் பகா எண்களின் பெருக்கமாக எழுதுவதாகும். இதற்குக் கணிப்பொறி வேண்டுவதில்லை. ஆறாம் ஆண்டு மாணவர் அறிந்த வகுபடும் விதிகளே போதும்.

எண் இரு பூச்சியங்களில் முடிகிறது. ஆகவே 100ஆல், அதாவது 2² × 5²ஆல் வகுபடும். ஈவு 2 933 186 256. இதன் இலக்கங்களைக் கூட்டினால் 45 வருதலின் 9ஆல் வகுபடும். ஈவு 325 909 584. மீண்டும் இலக்கக் கூட்டல் 45. மீண்டும் 9ஆல் வகுக்க, 36 212 176 எஞ்சுகிறது. இப்போது இலக்கக் கூட்டல் 28. எனவே 3 என்னும் காரணி நான்கு முறையோடு நின்றுவிட்டது. எஞ்சியதை நான்கு முறை இரண்டால் வகுத்தால் 2 263 261 என்னும் ஒற்றைப்படை எண் வரும். அதனை 7ஆல் வகுக்க வேண்டும்.

வகுத்தால் கிடைப்பது 323 323. இவ்விடத்தில் ஆசிரியர் சற்று நிறுத்தி, மாணவரைப் பார்க்கச் சொல்லலாம். 323 என்பது இருமுறை அடுத்தடுத்து வந்துள்ளது; ஆகவே இது 323 × 1001 ஆகும். 1001 என்பது 7 × 11 × 13. இனி 323 எஞ்சுகிறது. 18இன் வர்க்கம் 324; அதில் ஒன்று குறைந்தது 323; ஆகவே அது 17 × 19. நீண்ட வகுத்தல்கள் எதிர்பார்க்கப்பட்ட இடத்தில் எண் தானே நான்கு பகா எண்களோடு இன்னுமொரு 7ஐயும் தந்துவிடுகிறது.

ஆக, 293 318 625 600 = 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19.

இவ்வடிவம் கிடைத்துவிட்டால் எண்ணின் காரணிகள் எத்தனை என்பதை ஒவ்வொன்றாக எழுதிப் பார்க்காமலே அறியலாம். காரணி ஒன்றை உருவாக்குகையில் 2ஐ ஒருமுறையும் எடுக்காமல் விடலாம். ஒன்று முதல் ஆறு முறை வரையும் எடுக்கலாம். ஆக ஏழு வழிகள். 3க்கு ஐந்து வழிகள். 5க்கும் 7க்கும் மும்மூன்று. எஞ்சிய நான்கு பகா எண்களுக்கும் இவ்விரண்டு. எனவே காரணிகளின் எண்ணிக்கை 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2, அதாவது 5040.

இதனை வேறோர் எண்ணோடு ஒப்பிட்டால் இதன் அருமை விளங்கும். ஒன்றின்பின் பன்னிரண்டு பூச்சியங்கள் கொண்ட எண் இதனினும் மூன்று மடங்குக்கு மேல் பெரியது. ஆனால் அது 2¹² × 5¹² ஆதலின் அதற்குள்ள காரணிகள் 169 மட்டுமே. அளவு பெரிதாயிருத்தல் வேறு. பகுபடும் வளம் வேறு.

மிகுபகு எண் என்னும் வகை

தன்னைவிடச் சிறிய எந்த எண்ணைக் காட்டிலும் மிகுதியான காரணிகளை உடைய எண்ணை இராமானுஜன் தனி இனமாகக் கொண்டு ஆராய்ந்தார். தமிழில் இதனை 'உயர் பகு எண்' என வழங்கலாம். இக்கட்டுரை 'மிகுபகு எண்' என ஆள்கிறது. உயர்வு என்பது தரத்தைக் குறிக்க, இங்கே கருதப்படுவது எண்ணிக்கையின் மிகுதியே என்பது இதற்குக் காரணம்.

சிறிய மிகுபகு எண்கள் நமக்குப் பழக்கமானவை: 1, 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120, 180, 240, 360. காலத்தையும் வட்டத்தையும் அளந்த முன்னோர், எளிதில் பல பங்காகப் பகுக்கத்தக்க எண்களையே தேர்ந்திருக்கின்றனர். நாளுக்கு 60 நாழிகை, மணிக்கு 60 நிமிடம், வட்டத்திற்கு 360 பாகை ஆகியன காண்க. மாறாக, தமிழ்ப் பின்ன வாய்பாடு பெரும்பாலும் பாதி பாதியாகப் பகுத்துச் செல்வது. முந்திரி என்பது 320இல் ஒரு பங்கு. கீழ்முந்திரி அம்முந்திரியின் 320இல் ஒரு பங்கு, அதாவது 102 400இல் ஒன்று. 102 400 என்பது 2¹² × 5² ஆதலின் அதற்குக் காரணிகள் 39தான். அதனினும் சிறியதாகிய 83 160க்கோ 128 உள்ளன. அரை, கால், வீசம் என்று பகுத்து வழங்கிய சந்தைக்கு முந்திரி போதுமானதாயிருந்தது. மூன்றாகவோ ஏழாகவோ பங்கிடும் தேவை எழும்போதுதான் குறை தென்படும். மலாயாவில் நெடுங்காலம் வழங்கிய, பதினாறு கூறாகப் பிரித்த 'கட்டி' என்னும் நிறையும் இவ்வகையினதே.

இராமானுஜன் 1887ஆம் ஆண்டு ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர். சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் எழுத்தராயிருந்து, 1914இல் கேம்பிரிட்ஜ் சென்றவர். (தாமே கற்றுக் கணிதத்தில் தடம் பதித்தவர்களைப் பேசுங்கால், செமினி வளாகத்தின் தாய்ப் பல்கலைக்கழகம் அமைந்த நாட்டிங்காம் நகரமும் ஜார்ஜ் கிரீன் என்னும் ஆலைக்காரரை உடையது என்பது நினைவுக்கு வருகிறது.) மிகுபகு எண்கள் பற்றிய அவருடைய கட்டுரை இலண்டன் கணிதக் கழகத்தின் நடவடிக்கைத் தொகுதியில் 1915ஆம் ஆண்டு, அறுபது பக்கங்களுக்கு மேற்பட்டு வெளிவந்தது. முதல் உலகப்போர்க் காலத்து நிதி நெருக்கடியால் கழகம் அக்கட்டுரையை முழுமையாக அச்சிட இயலவில்லை. இவ்வாய்வை முதன்மையாகக் கொண்டே 1916 மார்ச்சில் கேம்பிரிட்ஜ் அவருக்கு ஆய்வுவழி இளங்கலைப் பட்டம் அளித்தது. அச்சேறாத எஞ்சிய பகுதி, ழான் லூயி நிக்கோலா, கீ ரொபான் என்னும் பிரெஞ்சு அறிஞர் இருவரின் குறிப்புகளோடு 1997இல்தான் வெளியாயிற்று.

மிகுபகு எண்ணின் கட்டமைப்பை இராமானுஜன் அக்கட்டுரையில் நிறுவிக் காட்டினார். அத்தகைய எண்ணில் 2இலிருந்து தொடங்கி இடைவெளியின்றிப் பகா எண்கள் வரிசையாக இடம்பெற வேண்டும். அவற்றின் அடுக்குகள் முன்னதைவிடப் பின்னது மிகாதவாறு இறங்கிச் செல்ல வேண்டும். 4, 36 ஆகிய இரண்டு நீங்கலாக, இறுதிப் பகா எண்ணின் அடுக்கு ஒன்றாக இருக்க வேண்டும். நம் எண்ணின் அடுக்குகள் 6, 4, 2, 2, 1, 1, 1, 1. மூன்று நிபந்தனைகளும் நிறைவுறுகின்றன.

ஆனால் இந்நிபந்தனைகள் வேண்டப்படுவனவேயன்றிப் போதியன அல்ல. 30 என்பதை நோக்குக. 2 × 3 × 5 என்னும் அதன் அமைப்பு விதிக்கு முழுவதும் உட்பட்டது, காரணிகள் எட்டு. ஆயினும் அதனினும் சிறிய 24க்கும் எட்டுக் காரணிகள் இருப்பதால் 30 மிகுபகு எண் ஆகாது. உருவம் பொருந்திய ஒவ்வோர் எண்ணையும் அதனினும் சிறியவற்றோடு ஒப்பிட்டுத்தான் முடிவு காண வேண்டும். எண்கள் பெருகப் பெருக இவ்வேலை கடினமாகிறது. இராமானுஜன் இதனைக் கைக்கணக்காகச் செய்து, 6 746 328 388 800 வரையிலான நூற்றுக்கும் மேற்பட்ட மிகுபகு எண்களைப் பட்டியலிட்டார். அப்பட்டியலில் ஒன்றே ஒன்று விடுபட்டது. அதுவே நம் எண்.

விடுபட்ட எண் நின்ற இடம்

இவ்வெண்ணின் அண்டையிலுள்ளவற்றை வரிசைப்படுத்திப் பார்ப்போம். 160 626 866 400க்கு 4608 காரணிகள். அடுத்து 240 940 299 600க்கு 4800. அதன்பின் நம் எண், 5040. அதற்கும் பின் 321 253 732 800, அதற்கு 5376. நம் எண்ணை நீக்கிவிட்டுப் பார்த்தாலும் 4608, 4800, 5376 என வரிசை ஏறிக்கொண்டே செல்வதால், ஓரிடம் வெற்றாகக் கிடப்பதைப் பட்டியல் தானே காட்டிக்கொடுப்பதில்லை.

இன்னும் நுணுகி நோக்கினால் வேறொன்றும் தெரிகிறது. மேற்சொன்ன நான்கனுள் நம் எண் ஒன்றைத் தவிர மற்ற மூன்றும் 23 என்னும் பகா எண்ணைக் காரணியாகக் கொண்டவை. 64 பில்லியனை அடுத்த பகுதியில் 23 மிகுபகு எண்களுக்குள் நுழையத் தொடங்குகிறது. அதன்பின் சிறிது தொலைவு வரை, 23 உள்ளனவும் இல்லனவும் விரவி வருகின்றன. பட்டியலின் எல்லைக்குள் 23ஐ ஏற்காத கடைசி மிகுபகு எண் 293 318 625 600 ஆகும். புதியவர் வந்து நிறைந்துவிட்ட வீதியில் பழைய குடியினர் ஒருவர் மட்டும் தங்கியிருந்ததைப் போன்றது அதன் நிலை.

இராமானுஜன் மிகுபகு எண்களுக்குள்ளும் சிறந்தவற்றைப் பிரித்து 'உயர் மிகுபகு எண்' என்னும் உட்பிரிவு ஒன்றைக் கண்டார். எண்ணின் அளவை ஏதேனும் ஓர் அடுக்குக்கு உயர்த்தி, அதனால் காரணி எண்ணிக்கையை வகுக்கும்போது, கிடைக்கும் ஈவு வேறெந்த எண்ணாலும் விஞ்சப்படாமல் இருக்குமாயின் அவ்வெண் இப்பிரிவில் அடங்கும். எளிமையாகக் கூறின், பருமனுக்கு ஏற்பக் கழிவு போட்ட பின்னும் முதலிடத்தில் நிற்கும் எண்கள் இவை. 13 967 553 600 அத்தகையது. அதற்கு 2688 காரணிகள். இதனை அடுத்த உயர் மிகுபகு எண், இதனை 23ஆல் பெருக்கக் கிடைக்கும் 321 253 732 800. நம் எண்ணோ அதே 13 967 553 600ஐ 21ஆல் பெருக்கக் கிடைப்பது.

இங்கே இரு வழிகள் போட்டியிடுகின்றன. 23 என்னும் புதிய பகா எண்ணைச் சேர்த்தால் காரணி எண்ணிக்கை சரியாக இரட்டிக்கும். 2688 என்பது 5376 ஆகும். புதியதைச் சேர்க்காமல், முன்னரே உள்ள 3, 7 ஆகியவற்றின் அடுக்கை ஒவ்வொன்று கூட்டினால், 3க்குரிய வழிகள் நான்கிலிருந்து ஐந்தாகவும், 7க்குரியவை இரண்டிலிருந்து மூன்றாகவும் உயரும். எண்ணிக்கை எட்டில் பதினைந்து பங்கு மடங்காகி 5040 ஆகும். பெருக்கம் இரண்டு குறைவு. பயனும் சற்றுக் குறைவு. 21க்கும் 23க்கும் உள்ள அச்சிறு இடைவெளியில்தான் நம் எண் தனக்குரிய இடத்தைப் பெறுகிறது. தன்னை அடுத்து வரும் உயர் மிகுபகு எண்ணின் நிழலில் அது நின்றுவிட்டது எனலாம்.

மற்றொரு செய்தி வியப்பளிப்பது. பட்டியலின் இறுதி எண்ணாகிய 6 746 328 388 800ஐ 23ஆல் வகுத்தால் விடுபட்ட எண்ணே கிடைக்கிறது. அதாவது இறுதி எண் 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19 × 23. அதன் காரணிகள் 5040இன் இருமடங்காகிய 10 080. தம் பட்டியலை முடித்து வைத்த எண்ணுக்குள்ளேயே இராமானுஜன் விடுபட்டதையும் எழுதி வைத்திருக்கிறார். தனி வரியாக மட்டும் எழுதவில்லை.

இராமானுஜனைப் பற்றிய மேடைப் பேச்சுகளில் நாமகிரித் தாயாரின் அருள், கனவில் தோன்றிய சூத்திரங்கள், 1729 என்னும் வாடகைக் கார் எண் ஆகிய மூன்றும் தவறாமல் இடம்பெறுகின்றன. அவற்றைக் கேட்டு வளரும் மாணவன், கணிதம் என்பது சிலருக்கு வானத்திலிருந்து இறங்குவது, தனக்கு அன்று என்ற முடிவுக்கு வருதல் கூடும். விடுபட்ட எண் வேறொரு படத்தைக் காட்டுகிறது. பன்னிரண்டு, பதின்மூன்று இலக்க எண்களைத் தாளில் பெருக்கி, ஒப்பிட்டு, வரிசைப்படுத்திய உழைப்பாளி ஒருவரை அங்கே காண்கிறோம். நூற்றுக்கு மேற்பட்டவற்றில் ஒன்றை அவர் தவறவிட்டார். இப்பிழையால் அவருடைய தேற்றங்களுக்கு எக்குறையும் நேரவில்லை. வகுப்பில் 1729ஐப் போலவே இதனையும் சொல்லலாம் என்பது இக்கட்டுரையாளர் கருத்து.

பிற வகைப்பாடுகள்

ஒரே எண் பல இனங்களைச் சேர்ந்திருக்கலாம். நம் எண்ணுக்குப் பொருந்தும் வேறு சில வகைகளைச் சுருக்கமாகக் காண்போம்.

தன்னை நீக்கிய காரணிகளின் கூட்டுத்தொகை தன்னைவிட மிகுந்தால் அது மிகை எண், குறைந்தால் குறை எண், ஒத்தால் நிறைவெண். 6, 28 ஆகியவை நிறைவெண்கள். நம் எண்ணின் காரணிகள் அனைத்தையும் கூட்டினால் 1 642 243 014 720 வரும். அது எண்ணைப் போல் ஏறத்தாழ 5.6 மடங்கு. தன்னை நீக்கினாலும் நான்கரை மடங்குக்கு மேல் எஞ்சும். ஆகவே இது மிகை எண்களுள்ளும் மிக வளமானது. இதற்கு நேர்மாறாக, 7 × 13 × 19 ஆகிய 1729க்கு எட்டுக் காரணிகளே உள்ளன. தன்னை நீக்கிய கூட்டுத்தொகை 511. அது குறை எண். இரு கனங்களின் கூட்டுத்தொகையாக இருவழிகளில் எழுதத்தக்க மிகச் சிறிய எண் என்னும் வேறொரு சிறப்பால் அது புகழ்பெற்றது.

நம் எண் முழு வர்க்கம் அன்று. 11, 13, 17, 19 ஆகியவை ஒற்றையாய் நிற்கின்றன. 2520இன் வர்க்கத்தை 46 189ஆல் பெருக்கினால் இது கிடைக்கும். 1 முதல் 10 வரையிலான எல்லா எண்களாலும் வகுபடும் மிகச் சிறிய எண் 2520 என்பதை ஆசிரியர்கள் அறிவர். நம் எண்ணோ 1 முதல் 22 வரை எல்லாவற்றாலும் வகுபடும். முதன்முதலாக 23இடம்தான் தோற்கிறது.

இலக்கங்களின் கூட்டுத்தொகை 45. எண் 45ஆல் வகுபடுகிறது. தன் இலக்கக் கூட்டுத்தொகையால் வகுபடும் எண்களுக்கு, மகிழ்ச்சி தருவது என்னும் பொருளில் 'ஹர்ஷத்' எனப் பெயரிட்டவர் மராட்டிய மாநிலம் தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராயிருந்த த. ரா. காப்ரேகர் (1905–1986). 1729உம் இவ்வினத்தைச் சேர்ந்ததே: இலக்கக் கூட்டல் 19, ஈவு 91.

இவ்விடத்தில் ஒரு வேறுபாட்டை வற்புறுத்த வேண்டியுள்ளது. மிகுபகு எண், மிகை எண் முதலிய வகைகள் எண்ணுக்கே உரியவை. எண்ணைத் தமிழ் எண்ணுருக்களில் எழுதினாலும், பன்னிரண்டன் அடிமானத்தில் எழுதினாலும், கற்களாகக் குவித்து வைத்தாலும் அவை மாறுவதில்லை. காப்ரேகரின் வகையோ நாம் பத்தன் அடிமானத்தில் எழுதும் வழக்கத்தைச் சார்ந்தது. எழுத்துமுறை மாறின் அதுவும் மாறக்கூடும். மொழியியலில் சொல்லின் பொருளையும் அதன் எழுத்துக்கூட்டலையும் நாம் வேறுபடுத்துவதைப் போன்றதே இது. இருவகைகளையும் 'எண்ணின் பண்புகள்' என்று ஒரே தலைப்பில் அடுக்கும் துணைநூல்கள் இவ்வேறுபாட்டை மறைத்துவிடுகின்றன.

5040 என்னும் எல்லை

நம் எண்ணின் காரணி எண்ணிக்கையாகிய 5040 தனி வரலாறு உடையது. கிரேக்க அறிஞர் பிளேட்டோ தம் 'சட்டங்கள்' என்னும் நூலில், உகந்த நகருக்கு 5040 குடும்பங்கள் வேண்டும் என்றார். நிலத்தையும் பணிகளையும் பல்வேறு பங்குகளாகப் பிரிக்க அவ்வெண் இடந்தரும் என்பது அவர் காட்டிய காரணம். 5040உம் மிகுபகு எண்ணே.

இராமானுஜனின் அச்சேறாத பகுதியைப் பதிப்பித்த இருவருள் ஒருவராகிய ரொபான் 1984இல் நிறுவிய தேற்றம் ஒன்று இவ்வெண்ணை இக்காலக் கணிதத்தின் நடுவுக்குக் கொண்டுவந்தது. எண் ஒன்றன் காரணிக் கூட்டுத்தொகையை அவ்வெண்ணால் வகுத்தால் வரும் ஈவை ஒருபுறம் வைப்போம். அவ்வெண்ணின் இயல் மடக்கைக்கு மீண்டும் இயல் மடக்கை கண்டு, அதனை ஏறத்தாழ 1.781 என்னும் மாறிலியால் பெருக்கி மறுபுறம் வைப்போம். 5040ஐ விடப் பெரிய எல்லா எண்களுக்கும் முதலாவது இரண்டாவதைவிடக் குறைவாகவே இருக்குமாயின், 1859 முதல் நிறுவப்படாதிருக்கும் ரீமான் கருதுகோள் உண்மையாகும். கருதுகோள் உண்மையாயின் இதுவும் உண்மையாகும். 5040க்குக் கணக்கிட்டால் முதலாவது 3.838, இரண்டாவது 3.817, எல்லை மீறப்படுகிறது. அதனைக் கடந்த பின் மீறிய எண் எதுவும் இதுவரை காணப்படவில்லை. நம் எண்ணுக்கு முதலாவது 5.599, இரண்டாவது 5.830. இத்துணை வளம் மிக்க எண்ணும் எல்லைக்குள் அடங்கியே நிற்கிறது. மீறும் எண் ஒன்று உண்டெனில், அதனைக் காரணி வளம் மிகுந்த எண்களிடையேதான் தேட வேண்டும். 1915இல் இராமானுஜன் ஆராய்ந்த இனம் இன்றும் ஆய்வுக்களமாக இருப்பதற்கு இது ஒரு காரணம்.

கலைச்சொல்லும் வகுப்பறையும்

மேற்கண்ட விளக்கம் முழுவதும் பகா எண், காரணி, அடுக்கு, ஈவு, மடக்கை ஆகிய தமிழ்ச் சொற்களால் நடந்தது. இவற்றுள் பெரும்பாலானவை தமிழ்ப்பள்ளி மாணவர் முன்பே அறிந்தவை. 2003இல் கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் திட்டம் மலேசியப் பள்ளிகளில் நடைமுறைக்கு வந்தபோது, தமிழ்ப்பள்ளிகளிலும் இச்சொற்கள் வகுப்பறையை விட்டு ஒதுங்கின. 2009இல் அத்திட்டத்தைக் கைவிட முடிவு செய்யப்பட்டது. 2016இல் அறிமுகமான இருமொழிப் பாடத்திட்டம் தமிழ்ப்பள்ளிகளை எட்டியபோது எழுந்த விவாதத்தை இவ்விதழின் வாசகர் அறிவர். அவ்விவாதம் பெரும்பாலும் உணர்வு சார்ந்தும் உரிமை சார்ந்தும் நடந்தது. கணிதக் கருத்து ஒன்றைத் தமிழில் தொடக்கம் முதல் முடிவு வரை சொல்லிக் காட்டும் கட்டுரைகள் அதற்கு ஈடாகப் பெருகவில்லை.

கலைச்சொல்லாக்கத்தில் சில இடர்ப்பாடுகள் உள்ளன என்பதையும் மறைத்தல் ஆகாது. 'மிகுபகு எண்', 'மிகை எண்' ஆகிய இரண்டும் ஒலியால் நெருங்கியவை, கருத்தால் வேறானவை. முன்னது காரணிகளின் எண்ணிக்கையையும் பின்னது அவற்றின் கூட்டுத்தொகையையும் நோக்கியது. 'காரணித் தொகை' என்னும் தொடரும் இவ்விரண்டனுள் எதனைக் குறிக்கிறது என்னும் ஐயத்துக்கு இடந்தரும். ஆதலின் 'எண்ணிக்கை', 'கூட்டுத்தொகை' என்று விரித்தே வழங்குதல் நன்று.

செமினி ஆசிரியருக்கு இக்கட்டுரையாளர் பரிந்துரைத்தது சிறு பயிற்சி ஒன்றே. ஒன்று முதல் அறுபது வரையிலான எண்களுக்குக் காரணி எண்ணிக்கையை மாணவர் அட்டவணையாக எழுதட்டும். முந்தைய எல்லாவற்றையும் விஞ்சும் எண் வரும்போதெல்லாம் அதனை வட்டமிடட்டும். 1, 2, 4, 6, 12, 24, 36, 48, 60 என ஒன்பது வட்டங்கள் விழும். 30ஐ வட்டமிட்டவர்கள் 24ஐ மீண்டும் நோக்கித் திருத்திக்கொள்வர். பின்னர் 293 318 625 600ஐப் பலகையில் எழுதி அதன் காரணி எண்ணிக்கையைக் காணச் செய்யலாம்; 5040 வரும். 5040க்குக் காரணிகள் 60. 60க்கு 12. 12க்கு 6. 6க்கு 4. இதுவரை வந்த ஆறு எண்களும் மிகுபகு எண்களே. 4க்கு 3 காரணிகள். 3 பகா எண், ஆகவே அதற்கு 2. இரண்டுக்கு இரண்டே, சங்கிலி அங்கே நின்றுவிடுகிறது.